அம்மா வீட்டில் பேசும் திரை: மணி அடிக்காமல் உள்ளே வரலாமா?

காவிரிக்கரை:

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வாரமாகச் சரியான பேச்சு இல்லை. அனுபவப்பட்டவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். வயது 74. அப்பா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் சென்னையில், அண்ணன் சிங்கப்பூரில். போன தீபாவளிக்கு வந்த அண்ணன், குரலுக்குக் கட்டுப்படும் திரைக் கருவி ஒன்றை வாங்கி வந்து, கூடத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே வைத்துவிட்டுப் போனார். எட்டு அங்குலத் திரை, மேலே ஒரு கேமரா. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம்.

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மழை வருமா என்று அதனிடம் கேட்டுவிட்டுத்தான் மாடியில் வடாம் காயப்போடுகிறார். பேரப்பிள்ளைகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு அதன் எதிரே போய் உட்கார்ந்துகொள்கிறார். மொழிப் பட்டியலில் ஆங்கிலமும் இந்தியும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அம்மா எட்டாவது வரை படித்தவர். நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் பதினொரு ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடம் செய்துவிட்டார். ஒரே தொல்லை, ‘ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ என்றால் 50 நிமிடம் வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்துப் பாத்திரமே கருகிவிட்டது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எதிர்முனையில் யாரும் எடுக்காமலேயே இணைந்துவிடும் அழைப்பு வசதி அதில் இருக்கிறது. அண்ணன் அதைத் திறந்து வைத்திருந்தார். அம்மாவுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, புடவையைப் பாதி சுற்றியபடி கூடத்துக்கு வந்திருக்கிறார். “என்னம்மா, இன்றைக்கு இவ்வளவு நேரமாகிவிட்டது?” என்று அண்ணனின் குரல்.

அம்மா யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது கருவியின் முன்னால் முறம் சாய்த்து வைத்திருந்தது. முறத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். பல்லி ஏறுகிறது என்றார். இரவு படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, மெல்லச் சொன்னார். இதற்குள் அண்ணன் என்னை அழைத்து, படம் இருட்டாகவே தெரிகிறது, கருவி பழுதாகிவிட்டது, வேறு வாங்கித் தருகிறேன் என்கிறார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு அருகே அம்மா வழுக்கி விழுந்தார். பால் கொண்டுவரும் அக்கா வந்து பார்க்கும்வரை நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தார். அந்த நாற்பது நிமிடத்தை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. நானும்தான்.

மணி அடிக்காமல் உள்ளே வரும் அந்த வசதியை அணைத்துவிடலாமா, அப்படியே விடலாமா? கருவியை எங்கே வைப்பது? மின்தடையின்போது என்ன செய்வது? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற செவிலி:

33 ஆண்டுகள் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்தவள் நான். உங்கள் பதிவில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? அம்மா விழுந்தது கொல்லையில். கருவி இருப்பது கூடத்தில். கூடத்தில் இருக்கும் கேமராவுக்குத் துவைக்கும் கல் தெரியுமா?

வயதானவர்கள் விழும் இடங்களை எனக்குக் கேட்டுக் கேட்டே பழக்கம். குளியலறை, கிணற்றடி, நிலைப்படி, இரவில் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள இருட்டு. உங்கள் அண்ணன் அடுத்த முறை வரும்போது செய்ய வேண்டிய வேலைகள் இவை: குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடி, துவைக்கும் கல்லைச் சுற்றிச் சொரசொரப்பான தளம், கழிப்பறை வழியில் இரவு முழுவதும் எரியும் சின்ன விளக்கு. அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலைசுற்றல் குறையும். இதைச் சொல்லிக் கொடுங்கள்.

சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பால் கொண்டுவரும் அந்த அக்காவின் எண் உங்கள் இருவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசி வாங்கிக் கொடுங்கள். கொல்லைக்கும் அம்மாவோடு கூடவே போவது அதுதான்.


கடல்தாண்டி:

நான் உங்கள் அண்ணன் பக்கம். இப்படி எழுதினால் இங்கே பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.

தோஹாவுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் இரவு இரண்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை. அப்பாவை அழைப்பேன், எடுக்க மாட்டார். தூங்குகிறாரா, கைப்பேசி சட்டைப் பையில் கிடக்கிறதா, அல்லது அதுவா. அந்த ‘அதுவா’ என்ற நினைப்போடு விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவுகளை என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. கடைசியில் அது நடந்தபோது நான் விமான டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

இப்போது அம்மா இருக்கும் வீட்டில் இதே மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, மணி அடிக்காமல்தான் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பார். பத்து விநாடி. பிறகு வேலைக்குப் போவேன். அதை ஒற்று வேலை என்று சொன்னால் எனக்கு வலிக்கும்.


காவிரிக்கரை:

கடல்தாண்டி அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் அண்ணனும் இதையேதான் சொல்லியிருப்பார், அவருக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பார்க்கிறீர்கள் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?


கம்பிச்சுருள்:

மின்வேலையும் வலையமைப்பு வேலையும் பார்க்கிறவன். நியாயம் பேசுவதற்கு முன்னால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அண்ணன் தங்கைச் சண்டை பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அமேசானின் எக்கோ ஷோ கருவிகளில் இந்த வசதிக்கு ‘ட்ராப் இன்’ என்று பெயர். 2017-இல் முதல் எக்கோ ஷோ வந்தபோதே இதுவும் வந்தது, அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். மூன்று நிலைகளில் வைக்கலாம்: அனுமதித்த தொடர்புகள் எல்லோரும், நம் வீட்டுக் கணக்கில் உள்ள கருவிகள் மட்டும், முழுக்க அணைப்பு. ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கவோ எடுக்கவோ முடியும். இணைந்தவுடன் முதல் சில விநாடிகளுக்குப் படம் பனி படிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். அந்தச் சில விநாடியில் அம்மா விலகிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு அதனால் என்ன பயன்? வேறு நிறுவனக் கருவியாக இருந்தால் அமைப்புகளில் இதே போன்ற ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவே வேண்டாம் என்றால் கேமரா இல்லாத திரையும் உண்டு. 2018-இல் கூகுள் தன் முதல் திரையை வெளியிட்டபோது, படுக்கையறையில் கூச்சமில்லாமல் வைக்கட்டும் என்று கேமராவை வேண்டுமென்றே விட்டுவிட்டது. பின்னால் நெஸ்ட் ஹப் என்று பெயர் மாறியது. அந்த யோசனை எனக்குப் பிடித்தது.

கேமராவை மறைக்கும் தள்ளுமூடிக்கும் ஒலிவாங்கி பொத்தானுக்கும் வேறுபாடு இருக்கிறது. மூடியைத் தள்ளினால் கண் மட்டும் மூடும், காது திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் காதும் மூடியது. இதை அம்மாவிடம் சொன்னீர்களா?

மின்தடைக்கு வருகிறேன். இந்தத் திரைகள் பெரும்பாலும் மின்கலம் இல்லாதவை. மின்சாரம் போனால் அவையும் போயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் திரையையும் இணைய ரூட்டரையும் அந்த இணைப்பிலேயே போடுங்கள், இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுப் பயனில்லை. ரூட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. முனை பொருந்துகிறதே என்று திரையை அதில் செருகிவிடாதீர்கள். திரையின் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் அளவு வேறாக இருக்கலாம்.

15-க்கும் 50-க்கும் ஒரு வழி சொல்கிறேன். செயலியில் ‘ரொட்டீன்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஒரு சொல்லைக் கொடுத்து, அந்தச் சொல் கேட்டால் இன்னதைச் செய் என்று எழுதி வைக்கலாம். ‘இட்லி’ என்றால் 12 நிமிடம். ‘பருப்பு’ என்றால் 15. இட்லி இந்திய ஆங்கிலத்திலும் இட்லிதான், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பருப்பைப் பிடிக்கவில்லை என்றால் ‘தால்’ என்று மாற்றிப் பாருங்கள்.


சொல்லேர்:

கம்பிச்சுருள் ஐயா, ‘தால்’ என்று மாற்றிப் பாருங்கள் என்று நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினீர்கள். ஆனால் அந்த வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. தன் சொந்த அடுப்படியில், தான் ஐம்பது ஆண்டுகளாகக் கடைந்த பருப்பை, பருப்பு என்று சொல்ல ஒரு தாய்க்கு வழியில்லை.

2017-இல் அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸா இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது, 2019-இல் இந்தி சேர்ந்தது. அதே 2019-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுளின் உதவியாளர் தமிழ் பேசத் தொடங்கியது. ஆகவே முடியாத காரியம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேருக்குத் தமிழ் தாய்மொழி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதற்கு மேல்.

எனக்கு வேலை மொழியோடு. பேச்சை எழுத்தாக்கும் பொறி எதைக் கேட்டு வளர்கிறதோ அதைத்தான் புரிந்துகொள்ளும். செய்தி வாசிப்பை மட்டும் கேட்டு வளர்ந்த பொறிக்குத் தஞ்சாவூர் அம்மாவின் அடுப்படித் தமிழ் எப்படிப் புரியும்? நெல்லைத் தமிழ்? யாழ்ப்பாணத் தமிழ்? பல் விழுந்த வாயிலிருந்து வரும் தமிழ்? சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளின் இயல்பான பேச்சைத் திரட்டி வருகிறது. மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கலாம், அடுத்தவர் படித்ததைச் சரிபார்க்கலாம். நான் என் அத்தையை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். எழுபது வயதுக் குரல்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஊருக்குப் போகும்போது உங்கள் அம்மாவையும் கேட்டுப் பாருங்கள், காவிரிக்கரை. விருப்பமிருந்தால் மட்டும்.


பொன்வண்டு:

எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். கருவி வந்த மூன்றாம் மாதம் ஆச்சியைப் பார்த்து “ஸ்டாப்” என்றான். கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அன்றே அதைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிட்டேன். இன்னும் இறக்கவில்லை.


வெண்கோல்:

பொன்வண்டு அம்மா, உங்கள் வீட்டுக்கு அது சரி. என் வீட்டில் அதை மேலே ஏற்றினால் நான் ஒரு ஆளிடம் மணி கேட்டுத்தான் மருந்து சாப்பிட வேண்டும்.

எனக்குப் பார்வை இல்லை. கல்லூரியில் படித்தபோது இருந்தது, 29 வயதில் போயிற்று. பார்வையற்றவனுக்குத் திரை எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரை என் மனைவிக்கு, குரல் எனக்கு. ஒரே கருவியை இருவரும் சரிசமமாக ஆள்கிறோம். மளிகைப் பட்டியலை நான் சொல்லச் சொல்ல அவள் பார்த்துச் சரிசெய்கிறாள். அவள் அலுவலகத்தில் இருக்கும்போது கதவுப் பக்கம் யார் என்று கேட்டு நானே முடிவெடுக்கிறேன். திரையைத் தொட்டால் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டும் வசதியையும் திறந்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2019-இல் எக்கோ ஷோவுக்கு ஒரு வசதி வந்தது. ஒரு டப்பாவைக் கேமராவுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, என் கையில் இருப்பது என்ன என்று கேட்டால் சொல்லும். பார்வையற்றவர்களிடம் கேட்டுத்தான் அதை வடிவமைத்தார்கள். கேமரா என்றாலே ஒற்றன் என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கண்ணை யார் திறக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். என் வீட்டில் நான் திறக்கிறேன்.


தறிமேடை:

சென்னிமலைப் பக்கம். நெசவுக் குடும்பம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிவிட்டது. நாள் முழுவதும் கட்டில். அம்மா தறியில் இருப்பார். வெயில் நேரத்தில் விசிறியைப் போடச் சொல்ல அப்பாவால் கூப்பிட முடியாது, தறிச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது.

குரலுக்குக் கட்டுப்படும் ஒலிபெருக்கி ஒன்றை முதலில் வாங்கினேன். தவறு செய்துவிட்டேன். அப்பாவின் பேச்சு அதற்குப் புரியவே இல்லை. நான்கு நாள் முயன்றார். ஐந்தாம் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொடுத்துவிட்டு, ஐந்தரை அங்குலத் திரை உள்ளதை மாற்றி வாங்கினேன். சுவிட்ச் பெட்டிக்குள் விசிறிக்கும் விளக்குக்கும் ஸ்மார்ட் மாட்யூல் போட்டோம், திரையிலிருந்தே அவற்றைப் போடவும் அணைக்கவும் வைக்கும் சின்னக் கருவி அது. திரையில் விசிறிப் படம் ஒன்று, விளக்குப் படம் ஒன்று. கட்டிலின் இடது பக்கம் பலகை அடித்து அதன்மேல் வைத்தோம்.

முதல் நாள் அப்பா இடது கையின் நடுவிரலை நீட்டினார். விரல் நடுங்கி இரண்டு முறை பக்கத்தில் பட்டது. மூன்றாவது முறை விசிறி சுற்றியது. உடனே அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார். அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் குரல் என்று விளம்பரம் செய்கிறார்கள். எங்களுக்கு உதவியது திரைதான். பேச்சு பாதிக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால் வெறும் ஒலிபெருக்கி வாங்காதீர்கள்.


கம்பிச்சுருள்:

தறிமேடை, மாட்யூலைப் போட்டவர் விசிறியின் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டாரா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வேகம் மாற்றும் மாட்யூலோடு பழைய ரெகுலேட்டரும் சேர்ந்திருந்தால் விசிறி முனகும், சூடாகும்.


தறிமேடை:

எடுத்துவிட்டார் அண்ணா. நன்றி.


பொன்வண்டு:

வெண்கோல் ஐயாவும் தறிமேடையும் எழுதியதைப் படித்த பிறகு என் பதிவு அவசரமாக எழுதியது போலத் தோன்றுகிறது. பெட்டியை ஏற்றியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. குழந்தைகளின் குரல் எங்கே போகிறது என்று தேடிப் படித்தேன். அமேசான் குழந்தைகளின் குரல் பதிவுகளை வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருந்தது, பெற்றோர் அழிக்கச் சொன்ன பின்னும் முழுமையாக அழிக்கவில்லை என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2023-இல் 2.5 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பரில் பத்து வயதுச் சிறுமி விளையாட்டுச் சவால் ஒன்று கேட்டபோது, பாதி செருகிய பிளக்கின் முனையில் நாணயத்தை வைக்கும்படி அலெக்ஸா சொன்னது. தாய் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நிறுவனம் அதைச் சரிசெய்தது. பக்கத்தில் இல்லாத தாயை நினைத்துப் பார்த்தேன்.

நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைத் தொட பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து சேரும்வரை பெட்டி மேலேயே இருக்கட்டும்.


ஓய்வுபெற்ற செவிலி:

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் திரைகளிலிருந்து போகும் அழைப்பு இணையவழிச் செயலி அழைப்பு. 108-க்கும் 112-க்கும் அதை நம்பக் கூடாது. அந்த இரண்டு எண்களையும் கழுத்துக் கைப்பேசியில் போட்டுக் கொடுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்று நாடு தழுவிய எண் இருக்கிறது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. ஓய்வூதியம், மருத்துவமனை, தனிமை எதைப் பற்றியும் பேசலாம்.

கருவியை மட்டும் நம்பி இருப்பதில் இன்னொரு ஆபத்து, அது எப்போது நிற்கும் என்பது நம் கையில் இல்லை. முதியோரைத் தொலைவிலிருந்து கவனிக்க அமேசான் 2021-இல் அமெரிக்காவில் சந்தாச் சேவை ஒன்றைத் தொடங்கியது. விழுந்தால் தெரிவிப்பது, இருபத்துநான்கு மணி நேர அவசர உதவி எல்லாம் அதில் இருந்தன. 2024-இல் நிறுத்திவிட்டார்கள். பால் கொண்டுவரும் அக்கா அப்படி நின்றுவிட மாட்டார்.


கடல்தாண்டி:

காவிரிக்கரை, பதில் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. என் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள்.

தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று அழைத்து, மணி அடித்து, எடுத்த பிறகு கேட்டேன். “நீ காலை ஏழரைக்குப் பார்ப்பாய் என்று தெரியுமே, அதனால்தான் ஏழு மணிக்குள் குளித்துவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருகிறேன்” என்றார். முழங்கால் வலிக்கும் நாளிலும் அப்படித்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். திரையில் வெள்ளை வட்டம் ஒன்று மின்னுவதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

பூக்கட்டுவதை நான் இயல்பு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளாக.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அதனால் முழுக்க அணைக்கவில்லை. நாங்கள் பேசிவைத்தது இது: மூன்று முறை மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால், அதுவும் பக்கத்து வீட்டாரும் எடுக்கவில்லை என்றால் மட்டும் உள்ளே வருவேன். அம்மாவே சொன்ன ஏற்பாடு. இதுவும் தவறு என்று நினைக்கிறவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.


வெண்கோல்:

தவறில்லை. அவர் அனுமதி கொடுத்த பிறகு அது அவர் வீட்டு ஒழுங்கு.


சொல்லேர்:

எனக்கு உடன்பாடு இல்லை. பயத்தில் இருக்கும் மகன் மூன்று முறை மணி அடித்துக் காத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அணைத்துவிட்டு, வேண்டும்போது அம்மாவே திறக்கும்படி வைப்பதுதான் சரி. இதை உங்கள் மேல் உள்ள மதிப்போடுதான் எழுதுகிறேன்.


காவிரிக்கரை:

சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன். இந்த இழையை அம்மாவுக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினேன். சென்னிமலை அப்பா விசிறியைப் போட்டுப் போட்டு அணைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். தோஹா அண்ணாவின் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்க் காபி கலந்தார்.

பிறகு அண்ணனை அழைத்தோம். நான் பேசவில்லை. அம்மாதான் பேசினார். “வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தானே உள்ளே வருவாய்? கல்யாணத்துக்கு முன்னால்கூடக் குளியலறைப் பக்கம் வந்தால் தொண்டையைச் செருமிவிட்டுத்தானே வருவாய்? இப்போது மட்டும் ஏன்?” என்றார். அண்ணன் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. அம்மா “எனக்கும் பயம்தான்” என்றார். விழுந்து கிடந்தபோது என்ன நினைத்தார் என்பதை அன்றுதான் எங்கள் இருவரிடமும் முதல் முறையாகச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மணி அடிக்காமல் வரும் வசதியை அண்ணனே அங்கிருந்து அணைத்தார். மாலை ஏழு மணிக்கு, விளக்கேற்றிய பிறகு, மணி அடித்து அழைக்கிறார். சிங்கப்பூரில் அப்போது ஒன்பதரை, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். குளியலறைக் கைப்பிடிக்கு ஆள் பார்த்துவிட்டேன், கல்லைச் சுற்றித் தளம் போட அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார், செலவு அண்ணனுடையது. பக்கத்து வீட்டு மாமியிடம் சாவி கொடுத்தாகிவிட்டது. கழுத்துக் கைப்பேசிக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, தாலிக்கயிறு தொங்கிய கழுத்தில் இது வேண்டாம் என்கிறார். இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப் பை தைத்துத் தருவதாக மாமி சொல்லியிருக்கிறார்.

கருவி இப்போது சமையலறையில், அரிசி டின்னுக்கு மேலே உள்ள பலகையில். கேமரா மூடி மூடியே இருக்கிறது, பேரப்பிள்ளைகள் அழைக்கும்போது அம்மா நகத்தால் தள்ளித் திறக்கிறார். ‘இட்லி’ வேலை செய்கிறது. ‘பருப்பு’ மூன்று முறைக்கு ஒரு முறை. ‘தால்’ என்று மாற்ற அம்மா மறுத்துவிட்டார். அது கற்றுக்கொள்ளட்டும் என்கிறார். சொல்லேர், காமன் வாய்ஸில் பத்து வாக்கியங்கள் படித்தார். பதினோராவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டார்.

முறம் ஆணிக்குப் போய்விட்டது.


கம்பிச்சுருள்:

அரிசி டின் பலகை அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம்? தாளிப்புப் புகையும் குக்கர் ஆவியும் நேராகப் படக் கூடாது. பிளக் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.


காவிரிக்கரை:

அடுப்பிலிருந்து ஐந்து அடி, கழுவுதொட்டி எதிர்ச் சுவரில். குக்கர் விசில் அடிக்கும்போது அம்மா சொல்வது அதற்குக் கேட்கவில்லை, விசில் அடங்கும்வரை காத்திருந்து சொல்கிறார். ஆவி படுகிறதா என்று இன்று மாலை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.